உடம்புக்குள் ஒரு கீமேன்

பெண்களுக்கு வரும் புற்றுநோய் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்க மகளிர் அணியினர் கேட்டபோது, டாக்டர் யாராவது எழுதட்டும் என்று நழுவப் பார்த்தேன். நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து, 2018-இல் ஓய்வு பெற்றவன். ஆனால் இந்த நோய் என் குடும்பத்துக்குள் புகுந்து சில பாடங்களைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. அவற்றை எனக்குத் தெரிந்த தண்டவாள பாஷையிலேயே சொல்கிறேன். பொறுத்தருள்க.

2017-இல் திருச்சியில் இருந்த என் தங்கைக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அப்போது அவளுக்கு வயது 54. வயிறு உப்புசம், பசியின்மை என்று பல மாதங்கள் வாயுத் தொல்லைக்கு மருந்து சாப்பிட்டிருக்கிறாள். அவளைப் பார்த்த டாக்டரம்மா என்னை உட்கார வைத்து, "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அவர் விடவில்லை. அத்தைமார்கள் எத்தனை பேர், எப்படி இறந்தார்கள் என்று துருவினார். அப்போதுதான் நினைவு வந்தது. பெரிய அத்தை வயிற்றில் கட்டி வந்து இறந்தார். சின்ன அத்தைக்கு மார்பில் கட்டி. நான் வேலைக்குச் சேர்ந்து நாகபுரிக்கு வந்த பிறகு இரண்டு சாவுக்கும் தந்திதான் வந்தது. "என்ன நோய்?" என்று நாங்கள் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் உடம்பில் உள்ள செல்கள் தேவைக்கேற்பப் பிரிந்து பெருகுகின்றன. அவற்றை "ஓடு" என்று முடுக்கிவிடும் மரபணுக்கள் உண்டு. "நில்" என்று தடுக்கும் மரபணுக்களும் உண்டு. தடுக்கும் வகையைத்தான் கட்டி அடக்கும் மரபணுக்கள் என்கிறார்கள். என்ஜினுக்கு வேகம் கொடுக்கும் கைப்பிடி முதல் வகை. பிரேக், சிக்னல், தண்டவாளத்தைக் கண்காணிக்கும் ஆட்கள் எல்லாம் இரண்டாம் வகை.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. அடக்கும் மரபணுவில் ஒரு பிரதி பழுதானாலும் இன்னொன்று பெரும்பாலும் சமாளித்துவிடும். இரண்டும் போனால்தான் ஆபத்து. 1971-இல் ஆல்பிரட் நட்சன் என்ற அமெரிக்க டாக்டர், குழந்தைகளின் கண்ணில் வரும் ஒருவகைப் புற்றுநோயை ஆராய்ந்து இந்த "இரண்டு அடி" கணக்கைச் சொன்னார். சில குழந்தைகள் ஒரு பிரதி பழுதாகவே பிறக்கின்றன. அவற்றுக்கு இன்னும் ஓர் அடி விழுந்தால் போதும். அந்த ஆர்.பி. மரபணுவை 1986-இல் கண்டுபிடித்தார்கள். முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட கட்டி அடக்கும் மரபணு அதுதான்.

பி-53 என்று இன்னொன்று. ரயில்வே வேலை தெரிந்தவர்களுக்குக் கீமேனைத் தெரியும். தினமும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்து வருபவர். விரிசல் கண்டால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்துவார். பழுது பார்த்த பிறகே வண்டி நகரும். பி-53 செய்வதும் இதுதான். செல்லின் மரபுச் சரடான டி.என்.ஏ.வில் சேதம் கண்டால் செல் பிரிவதை நிறுத்தும். சரிசெய்ய முடியாத சேதம் என்றால் அந்தச் செல்லையே சாகவைக்கும். 1979-இல் கண்டுபிடித்தபோது இதைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்றே நினைத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1989-இல்தான் இது காவலாளி என்று புரிந்தது.

சிக்னல் கம்பி அறுந்தால் கைகாட்டி தானாகவே "ஆபத்து" நிலைக்குப் போய்விடும், அப்படித்தான் அமைத்திருக்கிறோம். செல்லுக்குள் அந்த வசதி கிடையாது. காவலாளி போனால் மணி அடிக்காது. வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

பெண்களின் உறுப்புகளில் இது எப்படி நடக்கிறது என்று தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதலில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். நம் நாட்டுப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் இது மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் இருக்கிறது. இங்கே மரபணு பெரும்பாலும் பழுதாவதில்லை. வெளியிலிருந்து வந்த எச்.பி.வி. என்ற வைரஸ் காவலாளியின் கையைக் கட்டிவிடுகிறது. இந்த வைரஸ் ஈ-6, ஈ-7 என்று இரண்டு புரதங்களை உண்டாக்குகிறது. ஈ-6, பி-53 புரதத்தை அழிக்கிறது. ஈ-7, ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. கீமேனும் இல்லை, சிக்னலும் இல்லை. இந்த வைரஸுக்கும் நோய்க்கும் உள்ள உறவைக் கண்டறிந்த ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் ஸூர் ஹௌசனுக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் தொற்றிய பெரும்பாலான பெண்களுக்கு அது தானே மறைந்துவிடும். தங்கிவிட்டாலும் புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அந்தக் கால அவகாசம்தான் நமக்குக் கிடைத்த வரம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில், பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் வினிகரைப் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவிக் கண்ணாலேயே பார்த்துச் சோதித்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் ஆய்வு முடிவு வெளியானது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல் சாதித்தது இது. 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது இன்னும் சிறந்தது. 2023 முதல் நம் நாட்டிலேயே தயாரான தடுப்பூசியும் கிடைக்கிறது. ஊசி போட்டாலும் பிற்காலச் சோதனையை விடக்கூடாது.

இரண்டாவது, கர்ப்பப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோய். இதில் அடிக்கடி பழுதாவது பி.டி.இ.என். என்ற அடக்கும் மரபணு. மாதவிடாய் நின்ற பிறகு மீண்டும் இரத்தம் படுவது இதன் முக்கிய அறிகுறி. "சூடு" என்று சொல்லி மோர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு சொட்டானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயும் இதுவும் சேர்ந்து காணப்பட்டால், டி.என்.ஏ. எழுத்துப்பிழை திருத்தும் மரபணுக்களில் பரம்பரைப் பழுது இருக்கலாம்.

மூன்றாவது, என் தங்கைக்கு வந்த சினைப்பைப் புற்றுநோய். இதில் மிக அதிகமாக வரும் தீவிர வகையில் ஏறத்தாழ எல்லாக் கட்டிகளிலும் பி-53 பழுதாகியிருக்கிறது. 2011-இல் வெளியான பெரிய ஆய்வில் 96 சதவீதம். இவற்றில் பல, சினைக்குழாயின் நுனியில் தொடங்குபவை. இதே நோயில் பரம்பரையாக வரும் முக்கியப் பழுது பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 என்ற மரபணுக்களில். முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை மேரி-கிளேர் கிங் என்ற அம்மையார் 1990-இல் காட்டினார். 1994-இலும் 1995-இலும் இரு மரபணுக்களும் அடையாளம் காணப்பட்டன. இவை பழுதுபார்க்கும் கேங். அறுந்துபோன டி.என்.ஏ.வைச் சரியாக இணைப்பது இவற்றின் வேலை. கேங் இல்லாத பகுதியில் விரிசல்கள் சேர்ந்துகொண்டே போகும். சாதாரணமாக வாழ்நாளில் நூற்றில் ஒரு பெண்ணுக்கு வரும் இந்த நோய், பி.ஆர்.சி.ஏ.-1 பழுது உள்ள நூறு பெண்களில் ஏறத்தாழ நாற்பது பேருக்கு வருகிறது. மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பும் மிகவும் கூடுகிறது.

தங்கையின் இரத்தத்தில் பி.ஆர்.சி.ஏ.-1 பழுது இருந்தது. "உங்கள் அப்பா வழியில் வந்திருக்கலாம். நீங்களும் சோதித்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டரம்மா. அப்பா எண்பது வயதுவரை ஆரோக்கியமாக இருந்தவர். சினைப்பையே இல்லாத எனக்கு எதற்குச் சோதனை என்று எண்ணி, ஒரு வருடம் தட்டிக்கழித்தேன். பழுதான பிரதியை ஆண்களும் சுமந்து, மகனுக்கோ மகளுக்கோ கொடுக்க முடியும்; ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண்களுக்கும் புராஸ்டேட், மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஓரளவு கூடுகிறது. இது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. தண்டவாளத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் கருவியைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்த ஆட்களை ஆயுள் முழுவதும் விரட்டியவன், சொந்த இரத்தத்தைச் சோதிக்கப் பயந்தேன் என்பதுதான் உண்மை.

ஓய்வு பெற்ற பிறகு சோதித்துக்கொண்டேன். எனக்கும் இருந்தது. மூத்த மகளுக்கு இல்லை; இளையவளுக்கு இருக்கிறது. அன்றிரவு நானும் என் மனைவியும் தூங்கவில்லை. ஆனால் மகள் நிதானமாக இருந்தாள். சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே நம்பிக்கையாகக் கண்டுபிடிக்கும் பொதுச் சோதனை இன்னும் கிடையாது. ஆகவே பிள்ளைப்பேறு முடிந்தவர்களுக்குச் சினைப்பைகளையும் சினைக்குழாய்களையும் அகற்றிவிடும்படி டாக்டர்கள் ஆலோசனை சொல்கிறார்கள், பி.ஆர்.சி.ஏ.-1 பழுது உள்ளவர்களுக்குப் பொதுவாக 35 முதல் 40 வயதுக்குள். அவள் இரண்டு குழந்தைகளுக்குப் பிறகு 37-ஆம் வயதில் அதைச் செய்துகொண்டாள். மாதவிடாய் முன்கூட்டியே நின்றுபோகும் சிரமங்களை அவள்தான் அனுபவிக்கிறாள். மார்பகச் சோதனைக்கும் தவறாமல் போகிறாள். "எழுதுங்கள் அப்பா, பெயர் மட்டும் வேண்டாம்" என்று அனுமதி கொடுத்ததும் அவளே.

என் தங்கை 2021-இல் காலமானாள். அவள் இரத்தம் கொடுத்திராவிட்டால் எங்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது. பி.ஆர்.சி.ஏ. பழுதையே பயன்படுத்திப் புற்றுச்செல்லைத் தாக்கும் மருந்துகளும் 2014 முதல் வந்திருக்கின்றன. கேங் இல்லாத செல் நம்பியிருக்கும் மாற்றுப் பழுதுபார்ப்பு வழியையும் இவை அடைத்துவிடுகின்றன. விரிசல் தாங்காமல் அந்தச் செல் சாகிறது.

இவ்வகைப் பரம்பரைப் பழுது எல்லாக் குடும்பங்களிலும் இல்லை; பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருபவையும் அல்ல. ஆகவே எல்லோரும் இரத்தச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு ஒரு குறை உண்டு. உறவினரின் சாவுச் செய்தி வரும், நோயின் பெயர் வராது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அத்தையிடமும் பெரியம்மாவிடமும் கூச்சப்படாமல் கேளுங்கள். யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில் என்று, அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரே வழியில் இரண்டு பேருக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ வந்திருந்தால், அந்தத் தாளுடன் டாக்டரிடம் போங்கள். சினைப்பையில் ஒருவருக்கு வந்திருந்தாலும் போகலாம்.

இந்தத் தாளை எழுதும் வேலையை வீட்டு ஆண்களே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். பெண்கள் விஷயம் என்று ஒதுங்கி நான் ஒரு வருடம் வீணாக்கினேன். எங்கள் அதிர்ஷ்டம், அந்த ஒரு வருடத்தில் எதுவும் நேரவில்லை.