குழந்தைக்கு விலை சொன்னால் போனை வையுங்கள்

2019 ஏப்ரலில் ராசிபுரத்திலிருந்து ஓர் ஆடியோ வெளியாகித் தமிழகத்தையே அதிரவைத்தது. பேசியவர் செவிலியர் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. ஆண் குழந்தை என்றால் ஒரு விலை, பெண் என்றால் ஒரு விலை, சிவப்பாக இருந்தால் கூடுதல். பிறப்புச் சான்றிதழுக்குத் தனிக் காசு. பேச்சில் துளியும் பதற்றம் இல்லை.

அந்தச் சான்றிதழில்தான் மோசடியின் சூட்சுமம் இருக்கிறது. வாங்குபவரே பெற்றதாகப் பதிவாகிவிட்டால், பெற்றவள் யார் என்பதற்குத் தடயமே இருக்காது. 2021-ல் மதுரைக் காப்பகம் ஒன்றில் இதைவிடக் கொடுமை நடந்தது. விற்ற குழந்தையைக் கொரோனாவில் இறந்ததாகப் போலி ஆவணத்தில் காட்டியிருந்தார்கள்.

வாங்கியவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான 'காரா'வில் பதிவு செய்துவிட்டு மூன்று வருடங்களுக்கு மேல் காத்திருப்பவர்கள் ஏராளம். கல்யாண வீட்டுக்குப் போனால் "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்கிற ஊர் இது. "அடுத்த வாரமே கைக்கு வந்துடும்" என்கிற புரோக்கர் விற்பது, அந்தக் காத்திருப்பிலிருந்து விடுதலையை.

முறையான வழியில் குழந்தையை நாம் போய்த் தேர்ந்தெடுப்பதில்லை. இணையத்தில் பதிவு, வீட்டு ஆய்வு, பிறகு மூப்பு வரிசைப்படி அழைப்பு. கட்டணத்தை விதிமுறையே நிர்ணயித்திருக்கிறது, ரசீதும் உண்டு. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையில் கையெழுத்திடுபவர் மாவட்ட ஆட்சியர். பெற்றவள் குழந்தையை ஒப்படைத்தாலும், மனம் மாறித் திரும்பப் பெற 60 நாள் அவகாசம் உண்டு. எந்தப் புரோக்கரும் அவளுக்கு ஒரு நாள்கூடத் தரமாட்டார்.

"பத்திரத்தில் எழுதிக்கலாம் சார், சட்டப்படிதான்" என்பார்கள். 1956-ம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நேரடித் தத்தை அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 17-வது பிரிவு, தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் தடை செய்கிறது. இதை மட்டும் சொல்லமாட்டார்கள். சிறார் நீதிச் சட்டப்படி குழந்தையை விற்பவரோடு வாங்குபவரும் குற்றவாளி, ஐந்தாண்டுவரை கடுங்காவல்.

மருத்துவமனை வாசலிலோ வாட்ஸ்அப்பிலோ யாராவது "குழந்தை இருக்கு" என்றால், பேரம் பேசாமல் 1098-க்குச் சொல்லுங்கள். கட்டணம் இல்லை.