ஓயாத களைப்புக்கு அக்குபங்சர்

நாட்பட்ட களைப்பு நோய் என்பது வேலைப்பளுவால் வரும் அசதி அல்ல. அசதி என்றால் ஒரு நல்ல உறக்கத்தில் போய்விடும். இந்த நோயில் பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தூங்கிய உணர்வே இருக்காது. சற்று நடந்ததற்கோ, கணக்கு வழக்கு பார்த்ததற்கோ உடல் பெரும்பாலும் அன்றே பழி தீர்ப்பதில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆளைக் கட்டிலில் தள்ளிவிடுகிறது. உழைப்புக்குப் பின் வரும் இந்தச் சரிவுதான் நோயின் முத்திரை. 2015-இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் வகுத்த வரையறைப்படி, ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் களைப்பும் இந்தச் சரிவும் புத்துணர்ச்சி தராத உறக்கமும் இருக்க வேண்டும். அவற்றோடு நினைவு, கவனம் தடுமாறுவதோ, எழுந்து நின்றால் தலைசுற்றல் போன்ற தொல்லைகள் கூடுவதோ சேர்ந்திருக்க வேண்டும்.

நோயை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை கிடையாது. குணப்படுத்தும் மருந்தும் இல்லை. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் முறை பல ஆண்டுகள் பரிந்துரைக்கப்பட்டது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2021-இல் அதையும் கைவிட்டது. வழி அடைபட்ட நோயாளிகள் அக்குபங்சர் பக்கம் திரும்புவதில் வியப்பில்லை.

சீன மரபு களைப்பை, உடலில் ஓடும் 'சீ' என்னும் உயிராற்றலின் குறைவாகப் பார்க்கிறது. அதற்கு அதிகம் தேர்ந்தெடுக்கும் புள்ளிகளில் ஒன்று ஸூசன்லி. முழங்கால் சில்லுக்குக் கீழே நான்கு விரற்கடை இறங்கி, கணைக்கால் எலும்பின் முன்விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளிப்புறமாக விலகினால் அந்த இடம் கிடைக்கும். தலைமுடியைவிடச் சில மடங்கே தடித்த ஊசி அங்கே இறங்கும்போது சுருக்கென்ற வலி பெரும்பாலும் இருப்பதில்லை. கனமாக, மரத்ததுபோல் ஓர் உணர்வு பரவும். வழக்கமாக இருபது முப்பது நிமிடங்கள் ஊசியை அப்படியே விட்டுவைப்பார்கள்.

பலன் உண்டா? எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. தென்கொரியாவின் நான்கு மருத்துவமனைகளில் 150 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2015-இல் வெளியானது. வழக்கமான கவனிப்போடு நான்கு வாரங்களில் பத்து முறை ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடக் களைப்பு குறைந்திருந்தது. நல்ல செய்திதான். ஆனால் காரணம் தெரியாத வேறு நீடித்த களைப்பு உள்ளவர்களும் அதில் கலந்திருந்தார்கள். ஊசி போட்டுக்கொண்டவருக்குத் தாம் போட்டுக்கொண்டது தெரியும். களைப்பை அளக்கக் கருவியும் இல்லை, 'எப்படி இருக்கிறது?' என்று அவரிடமே கேட்டு மதிப்பெண் போட வேண்டியிருக்கிறது. சிகிச்சை கிடைத்த நிறைவும், ஒருவர் அக்கறையாக விசாரித்ததும் அந்த மதிப்பெண்ணில் ஏறிவிடும்.

இதைப் பிரித்தறியத்தான் போலி ஊசி. 1998-இல் ஜெர்மன் ஆய்வாளர் ஸ்ட்ரைட்பெர்கர் அறிமுகப்படுத்திய ஊசிக்கு முனை மழுங்கல். தோலில் பட்டதும் நாடகக் கத்திபோலக் கைப்பிடிக்குள் உள்வாங்கிக்கொள்ளும். பார்ப்பவருக்கோ உள்ளே இறங்கியதாகவே தோன்றும். ஹாங்காங்கில் களைப்பு நோயாளிகளிடம் உண்மை ஊசியையும் போலி முறையையும் ஒப்பிட்ட சோதனையில் இரு தரப்பாருமே தேறினார்கள். உண்மை ஊசி பெற்றவர்கள் சற்றுக் கூடுதலாக. முதுகுவலிக்கு ஜெர்மனியில் 1,162 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு (2007) இதே கதையை இன்னும் துலக்கமாகச் சொல்கிறது. ஆறு மாதத்தில் பலன் கண்டவர்கள் உண்மை ஊசியில் 47.6 சதவீதம், போலியில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசி போடும் சடங்கே பெரும்பங்கு வேலை செய்கிறது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது.

களைப்பு நோய் பற்றிய பெரும்பாலான சோதனைகள் சீனாவில் நடந்தவை. பலவற்றில் ஆள் குறைவு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மறைக்கவும் இல்லை. தொகுத்துப் பார்த்த ஆய்வுகள் சாதகமான முடிவைச் சொல்லிவிட்டு, சான்றின் தரம் தாழ்ந்தது என்று உடனே சேர்த்துக்கொள்கின்றன. சீனாவில் வெளியான அக்குபங்சர் சோதனைகளில் சாதகமற்ற முடிவு காண்பதே அரிது என்பது 1998-லேயே சுட்டிக்காட்டப்பட்டது.

உடலியல் விளக்கம் அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எலிகளின் ஸூசன்லி புள்ளியில் ஊசியைச் சுழற்றினால் வலியடக்கும் அடினோசின் அங்கே கூடுவதை ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2010-இல் காட்டினார்கள். அதே இடத்தில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தினால் வேகஸ் நரம்பு வழியாக அழற்சி தணிவதை ஹார்வர்டின் சியூஃபு மா குழு 2021-இல் விளக்கியது. இரண்டும் எலிகளில் வலியையும் அழற்சியையும் பற்றியவை. அங்கிருந்து மனிதரின் களைப்புக்குப் பாலம் இன்னும் போடப்படவில்லை.

பயிற்சி பெற்றவர் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியால் செய்தால் ஆபத்து குறைவு. மார்புப் பகுதியில் ஆழமாகக் குத்தி நுரையீரல் சுருங்கிய நிகழ்வுகள் அரிதாகப் பதிவாகியுள்ளன. இந்த நோயாளிகளுக்கு வேறொரு செலவும் உண்டு: சிகிச்சையகத்துக்குப் போய்வருவதே ஓர் உழைப்பு. வாரம் இருமுறை பேருந்து, படிக்கட்டு, காத்திருப்பு என்று அலைந்தால், ஊசி தந்த தெம்பைவிடப் பயணம் பறித்தது அதிகமாகலாம். சரிவு பெரும்பாலும் மறுநாள்தான் தெரியும் என்பதால், எழுந்து போகும்போது சொல்லும் 'இப்போது தேவலாம்' என்பதைவிட, இரண்டு மூன்று நாள் கழித்து நோயாளி இருக்கும் நிலையே கணக்கில் எடுக்கத் தக்கது.