ஷூ பெட்டிக்குள் ஒரு பொக்கிஷம்

"இது என்ன குப்பை?" என்று அம்மா கேட்பதும், "ஐயோ அம்மா, அது என் சேமிப்பு!" என்று நாம் அலறிக்கொண்டு ஓடுவதும் எந்த வீட்டில்தான் நடக்கவில்லை? கிறிஸ்துமஸுக்கு வீட்டை வெள்ளையடிக்கும் நாட்களில் இந்த ஆபத்து மிக அதிகம். நகத்தால் தேய்த்துச் சுருக்கம் எடுத்து, நிறம் வாரியாக அடுக்கி, பிஸ்கட் டப்பா நிறைய நாம் சேர்த்து வைத்திருந்த சாக்லேட் தாள்கள் அப்படித்தான் மறைந்தன. டப்பா மட்டும் திரும்பக் கிடைத்தது, உள்ளே உளுத்தம் பருப்போடு! அந்தத் துக்கத்தில் இருந்தபோதுதான் அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் அட்டைகளைப் பற்றிப் படித்தோம். நம்மைப் போலவே அம்மாவிடம் பறிகொடுத்தவர்கள் அந்த நாட்டில் ஏராளமாக இருக்கிறார்கள் என்று அறிந்ததில் நமக்கு ஓர் ஆறுதல்.

பேஸ்பால் என்பது அமெரிக்கர்களின் உயிருக்கு உயிரான விளையாட்டு. நம் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். அணிக்கு ஒன்பது பேர். உருண்டையான மட்டை. பந்தை அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஓர் ஓட்டம். இந்த அளவு தெரிந்தால் நமக்குப் போதும். ஏனெனில் நாம் பேசப் போவது ஆட்டத்தைப் பற்றியல்ல, ஆட்டக்காரர்களின் படம் போட்ட சிறு அட்டைகளைப் பற்றி.

அந்த அட்டைகள் பிறந்த இடத்தைச் சொன்னால் நம் சிஸ்டர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவை பெருவாரியாகப் பரவியது சிகரெட் பெட்டிகளின் மூலமாகத்தான். 1880-களில் சிகரெட்டுகளை மெல்லிய தாள் உறைகளில் விற்றார்கள். சட்டைப் பையில் வைத்தால் நசுங்கிப் போகும். நசுங்காமலிருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையை ஏன் வைக்க வேண்டும், அதில் ஒரு படத்தைப் போட்டால் வாங்குகிறவன் அடுத்த படத்திற்காக மறுபடியும் வருவானே என்று எந்த வியாபாரிக்கோ தோன்றியது. நடிகைகள், பறவைகள், கொடிகள் என்று பலவகைப் படங்கள் வந்தன. அவற்றோடு பேஸ்பால் வீரர்களும் வந்தார்கள். புகைத்தவர்கள் பெரியவர்கள், படத்துக்கு ஆசைப்பட்டவர்களோ சிறுவர்கள். புகையிலைக் கடை வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களிடம் "ஐயா, அந்தப் படம் உங்களுக்கு வேண்டுமா?" என்று கெஞ்சிக் கேட்டு வாங்குவார்களாம்.

இவற்றுள் மிகவும் புகழ் பெற்றவை 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்டவை. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட அந்த வரிசையில் ஒருவருடைய அட்டை மட்டும் அகப்படுவதே அரிது. அவர் பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர். எட்டு முறை தம் லீகின் முதல்தர மட்டையாளராக விளங்கியவர். தம் படத்தைப் போட வேண்டாம் என்று அவர் தடுத்துவிட்டதால் அச்சிடுவது பாதியிலேயே நின்றது. சிறுவர்கள் படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாதென்று தடுத்தார் என்பது ஒரு கட்சி. கம்பெனி உரிய பணம் தரவில்லை என்பதால் தடுத்தார் என்பது மற்றொரு கட்சி. சேகரிப்பவர்கள் இன்றும் இதற்காக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நாம் முதற் கட்சியையே நம்ப விரும்புகிறோம். காரணம் எதுவாயினும், இன்று உலகத்தில் எஞ்சியிருப்பதாகத் தெரிந்தவை சுமார் அறுபதுதான்.

பிறகு அட்டைகள் புகையிலையை விட்டு மிட்டாய்க்கு மாறின. நல்ல காலம்! 1914-லும் 1915-லும் கிராக்கர் ஜாக் என்னும் பாகு தோய்த்த சோளப்பொரிப் பெட்டிக்குள் அட்டைகள் வந்தன. பாகு ஒட்டிக் கறைபட்ட அட்டைகளை இன்றும் காணலாம். 1933-இல் பாஸ்டன் நகரத்து கவுடி கம்பெனி, சூயிங்கம்மோடு 240 அட்டைகள் கொண்ட வரிசை என்று வெளியிட்டது. மாபெரும் வீரர் பேப் ரூத்தின் படம் அந்த வரிசையில் நான்கு முறை வருகிறது. ஆனால் ஒரு சூழ்ச்சியும் அதில் இருந்தது. 106-ஆம் எண்ணுள்ள அட்டையை அந்த ஆண்டு கம்பெனி வெளியிடவே இல்லை! பாவம், அந்தப் பிள்ளைகள்! 105 இருக்கிறது, 107 இருக்கிறது, 106-க்காக ஒவ்வொரு காசாகச் செலவழித்து வாயெல்லாம் வலிக்கச் சூயிங்கம்மை மென்றிருப்பார்கள். விடாப்பிடியாகக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மறு ஆண்டு நாப் லஜோய் என்ற பழைய வீரரின் படத்தை 106-ஆம் எண்ணிட்டுத் தபாலில் அனுப்பி வைத்தார்கள். சண்டை போட்டவர்களுக்கு மட்டும் கிடைத்த அந்த அட்டை இப்போது அபூர்வங்களுள் ஒன்று.

சேகரிப்பவர்கள் கண் மூடி நினைத்துப் பார்க்கும் பொற்காலம் 1950-கள்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காகிதத்திற்கும் ரப்பருக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டால் நின்றிருந்த அட்டைகள் மறுபடியும் கடைக்கு வந்தன. 1951-இல் டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கர் என்ற இளைஞர், புரூக்ளினில் இருந்த தம் வீட்டுச் சமையலறை மேசையில் அட்டைத் தாளும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு ஒரு புதிய மாதிரியைத் தயாரித்தார். வுடி கெல்மன் என்பவரும் அவருக்குத் துணை. முன்புறம் வண்ணப்படம், வீரரின் கையெழுத்து அச்சு, அணியின் சின்னம். பின்புறம் அவருடைய பிறப்பு, உயரம், எடை, சென்ற ஆண்டில் அடித்தது எவ்வளவு, வாழ்நாளில் அடித்தது எவ்வளவு என்ற கணக்குகள். பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை வெற்றியாக அடித்தால் சராசரி .300 என்பதைப் பள்ளிக்கூடத்தில் கற்குமுன் இந்த அட்டையில் கற்ற பிள்ளைகள் அநேகம். தசமப் புள்ளியைக் கண்டால் தலை சுற்றும் நமக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்க்கவில்லை!

அந்தக் காலத்துப் பிள்ளைகள் அட்டைகளைப் பூட்டி வைக்கவில்லை என்பதுதான் நமக்கு மிகவும் பிடித்த செய்தி. ஐந்து சென்ட் கொடுத்து மெழுகுத்தாள் பொட்டலத்தை வாங்குவார்கள். பிரித்தவுடன் மாவு தூவிய இளஞ்சிவப்புச் சூயிங்கத்தின் வாசனை மூக்கில் ஏறும். வேண்டிய வீரர் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார்கள். ஏற்கெனவே இருப்பது இரட்டையாக வந்தால் தோழனிடம் கொடுத்து வேறொன்றை மாற்றுவார்கள். சுவரோரம் நின்று வீசி எறிந்து, யாருடையது சுவருக்கு அருகில் விழுகிறதோ அவனே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வான். பிடிக்காத அணிக்காரருடைய அட்டையைத் துணிக்குப் போடும் கிளிப்பால் சைக்கிள் சக்கரத்தில் மாட்டுவார்கள். சக்கரக் கம்பிகளில் பட்டு அது 'படபட'வென்று அடிக்க, மோட்டார் சைக்கிளே ஓட்டுவது போன்ற கம்பீரம்! இரவில் எல்லாவற்றையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, காலி ஷூ பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்கள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கல்லூரிக்கும் இராணுவத்துக்கும் போனார்கள். அம்மாக்கள் வீட்டைச் சுத்தம் செய்தார்கள். மேற்கொண்டு சொல்லவும் வேண்டுமா?

கம்பெனியே தன் அட்டைகளை மதிக்கவில்லை. 1952-இன் கடைசிப் பகுதி அட்டைகள் ஆட்ட காலம் முடியும் தறுவாயில் கடைக்கு வந்ததால் விலை போகவில்லை. கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த அந்தப் பெட்டிகளை 1960-இல் ஒரு படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாகப் பெர்கர் தாமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பகுதியில் 311-ஆம் எண், நியூயார்க் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டில். அடுத்த 312-ஆம் எண், 1947-இல் நிறபேதத் தடையை உடைத்துப் பெரிய லீகில் ஆடிய கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சன். நன்றாகப் பேணப்பட்ட ஒரு மேன்டில் அட்டை 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் ஏறக்குறைய 100 கோடி ரூபாய்! கடலுக்குள் எத்தனை கோடி கரைந்ததோ என்று மீன்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்த விலை எப்படி ஏறியது? முன்பு சைக்கிளில் மாட்டிக் கிழித்த பிள்ளைகள் 1970-களிலும் 1980-களிலும் சம்பாதிக்கும் பெரியவர்களாகிவிட்டார்கள். தாங்கள் இழந்த பெட்டியை மறுபடியும் நிரப்ப ஆசைப்பட்டார்கள். தேடியவர்கள் பலர், மிஞ்சியவை சில. அம்மாக்கள் எறிந்ததால்தான் அவை அபூர்வமாயின. எல்லா அம்மாக்களும் பத்திரப்படுத்தியிருந்தால் ஒரு காசும் பெறாது! இதை நம் அம்மாவிடம் சொல்லப் போவதில்லை. ஆனால் இதற்குச் சான்று அமெரிக்காவிலேயே இருக்கிறது. விலை ஏறுவதைக் கண்டு 1980-களின் இறுதியில் எல்லாரும் அட்டைகளைக் கட்டுக் கட்டாக வாங்கிப் பூட்டினார்கள். கம்பெனிகளும் மழையாய் அச்சடித்துத் தள்ளின. அவற்றில் பெரும்பாலானவை இன்று வாங்கிய விலைக்கும் போவதில்லை. டாப்ஸ் பொட்டலத்திலிருந்து 1992-இல் சூயிங்கம்மையும் எடுத்துவிட்டார்கள். அட்டையில் கறை படிகிறதாம்! முனை மழுங்காமல் வைத்துக்கொள்ள நினைத்தவர்களுக்கு அந்த வாசனை தேவைப்படவில்லை. பணம் பெரிதானால் பொய்யும் வரும். வாக்னர் அட்டைகளுள் மிகப் புகழ் பெற்ற ஒன்றின் ஓரங்களைப் புதிது போலத் தோன்றுவதற்காக வெட்டியதை அதை விற்ற வியாபாரி 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

நம் கான்வென்ட் வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. பால்டிமோர் நகரிலுள்ள ஸ்கூல் சிஸ்டர்ஸ் ஆஃப் நோட்ரடாம் சபையினருக்கு, காலஞ்சென்ற ஒரு சிஸ்டரின் சகோதரர் தம் உடைமைகளை எழுதி வைத்துவிட்டு இறந்தார். வங்கிப் பெட்டகத்தைத் திறந்தால் உள்ளே ஒரு வாக்னர் அட்டை! மூன்று பக்கம் ஓரம் வெட்டப்பட்டது, மேலே பிளாஸ்டிக் ஒட்டப்பட்டது. சேதமானாலும் இதன் மதிப்பு வளரும் என்ற பொருளில் தட்டச்சில் ஒரு குறிப்பும் இருந்தது. 2010-இல் ஏலத்திற்கு விட்டபோது அந்தக் கிழிசலுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. பணத்தைப் பல நாடுகளிலுள்ள தங்கள் சேவைப் பணிகளுக்கு அனுப்பினார்கள். பேஸ்பால் தெரியாத சிஸ்டர்கள் அன்று ஹோனஸ் வாக்னருக்காகவும் ஒரு ஜெபம் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறோம்.

இருந்தாலும் நம் மனத்தைத் தொட்டவர் ஏலத்தில் வென்ற எவருமல்லர். சிரக்யூஸ் நகரத்து மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த ஜெபர்சன் பர்டிக் என்ற எளிய தொழிலாளி. மணமாகாதவர். எந்த அட்டையையும் தள்ளாமல் சேர்த்து, 1939-இல் அவற்றுக்கு ஒரு பட்டியல் நூல் வெளியிட்டார். எழுத்தும் எண்ணுமாக ஒவ்வொரு வரிசைக்கும் பெயர் கொடுத்தவர் அவர்தான். வாக்னர் அட்டை உள்ள வரிசையை 'டி206' என்று இன்று கோடீசுவரர்கள் சொல்வது அவர் இட்ட பெயரே. விலை ஏறும் என்று காத்திருக்காமல், 1947-இலிருந்து தம் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்திற்கு இலவசமாகக் கொடுத்தார். மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல். பேஸ்பால் அட்டைகள் மட்டும் முப்பதாயிரத்திற்கும் அதிகம். இத்தனைக்கும் ஒரு பெரிய பேஸ்பால் ஆட்டத்தையாவது அவர் நேரில் பார்த்ததில்லை என்கிறார்கள்!

அவருக்குக் கடுமையான மூட்டுவாதம். விரல்கள் மடங்கிப் போன நிலையிலும் கலைக்கூடத்தின் ஒரு மூலை மேசையில் உட்கார்ந்து, ஆண்டுக்கணக்காக அட்டைகளை ஆல்பங்களில் ஒட்டிக்கொண்டே இருந்தார். முடிக்குமுன் உயிர் போய்விடுமோ என்ற கவலைதான் அவருக்கு. 1963 ஜனவரி 10-ஆம் நாள் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மேலங்கியைச் சிரமப்பட்டு மாட்டிக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லி விடைபெற்றார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தவர், மார்ச் மாதம் காலமானார். ஆல்பங்கள் இன்றும் அந்தக் கலைக்கூடத்தில் இருக்கின்றன.