கடைவீதியில் கலை உலா

கோயிலுக்கு வர இயலாதவர்களுக்காகத் தெய்வமே வீதிக்கு எழுந்தருளுகிறது என்பது நம்மவர் கண்ட மரபு. முதியவரும், நோயாளியும், வேலையை விட்டு அகல முடியாத தொழிலாளியும் தத்தம் வாயிலில் நின்றபடியே தரிசனம் பெறுகிறார்கள். கலை விஷயத்தில் மட்டும் நாம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறோம். சித்திரத்தையும் சிற்பத்தையும் பெருநகர மண்டபங்களில் வைத்துவிட்டு, பொதுஜனங்களுக்கு ரஸனை இல்லையென்று குறை கூறுகிறோம். இக்குறையை நீக்கப் பல தேசங்களிலும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். குறித்த ஒரு மாலையில் கடைவீதி வியாபாரிகள் தங்கள் கடைகளையே சித்திரசாலைகளாகத் திறந்து வைக்கிறார்கள். ஊரார் குடும்பத்துடன் கடை கடையாக நடந்து சென்று பார்க்கிறார்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரின் பழைய பகுதியில் 1991 முதல் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் இத்தகைய உலா நடந்து வருகிறது. அப்படிப்பட்ட கலை உலா ஒன்று திருப்பூருக்கு வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இது அந்நிய நாட்டு வழக்கமாயிற்றே என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. 1938-ம் வருஷம் ஹரிபுராவில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, காந்தியடிகளின் விருப்பப்படி நந்தலால் போஸ் சித்திரங்கள் தீட்டினார். அவரும் அவருடைய சாந்திநிகேதன் மாணவர்களும் எழுதிய படங்கள் நூற்றுக்கணக்கில் வாயில்களிலும் பந்தல்களிலும் வைக்கப்பட்டன. அனுமதிச் சீட்டு வாங்கும் கனவான்களுக்காக அவை எழுதப்படவில்லை. வழியே நடந்து செல்லும் கிராமவாசி தலை நிமிர்ந்து பார்ப்பதற்காகவே எழுதப்பட்டன. அவற்றில் கண்ட உருவங்கள் யாருடையவை? மேளம் கொட்டுகிறவன், பஞ்சு கொட்டுகிறவன், தையற்காரன் ஆகிய உழைப்பாளிகளே அங்கே வீற்றிருந்தார்கள். தன்னைப் போன்றவனையே சித்திரத்தில் கண்ட கிராமவாசிக்குக் கலை என்ன என்பதை வேறொருவர் விளக்க வேண்டிய அவசியம் இருந்திராது.

நம் பக்கத்திலேயே இதற்கு வேறு உதாரணங்களும் உண்டு. கொச்சியில் 2012 டிசம்பர் 12-ல் தொடங்கிய கலைவிழா, மிளகும் கயிறும் ஏற்றுமதியான பழைய வர்த்தக ஸ்தாபனங்களின் கிடங்குகளிலேயே நடைபெற்றது. கோயம்புத்தூரிலும் வருஷாந்தர நகர விழாவின்போது ரேஸ் கோர்ஸ் பகுதியில் ஒரு வீதி சித்திரக்காரர்களுக்காக ஒதுக்கப்பட்டு வருகிறது. கோவை செய்ததைத் திருப்பூர் செய்ய முடியாதா?

உண்மையில் திருப்பூரைவிட இதற்குத் தகுதியான ஊர் அரிது. நிறமும் கோலமுமே இந்த ஊரின் ஜீவனம். ஒரு சட்டையின் மார்பில் ஐந்து வர்ணத்தில் ஒரு படம் வேண்டுமானால், வர்ணத்துக்கு ஒன்றாக ஐந்து சட்டங்களில் வலை கட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக, நூலிழையும் பிசகாமல் பதிக்கவேண்டும். ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் நாள் முழுவதும் நின்று இதைச் செய்கிறவனைச் சித்திரக்காரன் என்று நாம் சொல்வதில்லை, கூலியாள் என்கிறோம். ஊரின் எல்லையில் திருமுருகன்பூண்டியில் உளி ஓசை கேட்கிறது. அங்கே கல்லில் தெய்வ உருவங்கள் பிறக்கின்றன. அனுப்பர்பாளையத்தில் பித்தளையும் செம்பும் பாத்திரங்களாக உருப்பெறுகின்றன. இவர்கள் கைவண்ணம் கடல் கடந்தும் செல்கிறது. ஆனால் உள்ளூர்க் குழந்தை ஒன்று, இது என் தகப்பனார் செய்தது என்று பெருமையுடன் சுட்டிக் காட்டத்தக்க ஓர் இடம் ஊரில் இருக்கிறதா?

டாலர் நகரம் என்று திருப்பூரைப் பிறர் அழைக்கும்போது நாம் பூரித்துப் போகிறோம். ஏற்றுமதியின் பெருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் சம்பாதிக்கும் இடம் என்ற ஒரே பெயர் ஓர் ஊருக்குப் போதாது. தென் ஜில்லாக்களிலிருந்தும், ஒடிஸா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்து இங்கே ஓவர்லாக் மெஷினிலும், செக்கிங் மேஜையிலும், அயர்ன் மேஜையிலும் உழைப்பவர்கள் ஏராளம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கடைவீதி, திங்கட்கிழமை மீண்டும் மெஷின். வாரத்தில் தமக்கென்று கிடைக்கும் அந்த ஒரு மாலையில், பணம் செலவழிக்காமல் அவர்கள் சென்று நிற்கக்கூடிய இடம் ஊரில் எத்தனை? செலவழிக்கும்போது மட்டுமே வரவேற்கப்படுகிறவன் அந்த ஊரில் வாடிக்கைக்காரனே தவிர, ஊர்க்காரன் ஆகமாட்டான். கலை உலாவின் முதற் பயன் இதுவே: வந்தவனை ஊர்க்காரனாக்கும்.

இதற்குச் சில ஆக்ஷேபங்கள் எழலாம். தொழிலாளிக்கு வேண்டியது நல்ல கூலியும் நல்ல வீடுமே; படத்தைக் காட்டி அவனை ஏமாற்றுவதா என்று கேட்பவர் இருப்பர். கேள்வி நியாயமானது. கூலிக்குப் பதிலாகக் கலையை யாரும் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது. ஆனால் வயிறு நிறையும் வரையில் கண்ணைக் கட்டிக்கொண்டிரு என்று ஏழைக்கு உபதேசிப்பதும் தர்மமாகாது. இன்னொரு ஆக்ஷேபம், இது கடைசியில் விளம்பரமாக முடியும் என்பது. அந்த அபாயம் மெய்யே. பெரிய கம்பெனிகளின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவே நாலு படங்கள் தொங்குமானால் அதற்குச் சந்தை என்று பெயரேயன்றி உலா என்று பெயரில்லை. மேல்நாடுகளில் சில இடங்களில் கலையினால் வீதி பிரசித்தியடைந்து, வாடகை உயர்ந்து, கலைஞனும் சிறு கடைக்காரனுமே வெளியேற நேர்ந்தது. ஆகையால் ஆரம்பத்திலேயே ஜாக்கிரதை தேவை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். திருப்பூரின் வர்ணங்கள் துணியில் மட்டும் ஏறவில்லை. நொய்யல் நதியிலும் ஓடின. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும், கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறையை அவை ஏற்கவேண்டி வந்ததும் ஊரறிந்த சரித்திரம். அந்தச் சரித்திரத்தை மூடி மறைக்கும் வெள்ளைப் பூச்சாகக் கலை உலா அமையக்கூடாது. நதியின் கதையை எழுதவும் ஒரு சுவர் ஒதுக்கப்படட்டும். தன் குறையைத் தானே வரைந்து வைக்கத் துணியும் ஊரை உலகம் மதிக்கும்.

செய்யவேண்டியது பெரிய காரியமன்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, காதர்பேட்டையிலும் குமரன் ரோட்டிலும் இசைவு தரும் கடைக்காரர்கள் ஆளுக்கு ஒரு சுவரையோ, ஒரு கண்ணாடிப் பெட்டியையோ, ஒரு திண்ணையையோ கொடுத்தால் போதும். அவ்விடத்தில் பட்டறைத் தொழிலாளியின் படமும், பூண்டிச் சிற்பியின் கல்லும், பள்ளிப் பிள்ளைகள் கட்டிங் வேஸ்ட் துணியில் ஒட்டிச் செய்த கோலமும் இடம் பெறட்டும். ஒவ்வொன்றின் கீழும் செய்தவர் பெயர் எழுதப்படவேண்டும். கடையின் பெயர் அதைவிடப் பெரிதாக இருத்தலாகாது. மாநகராட்சி அன்று மாலை வாகனங்களை விலக்கி, விளக்கும் குடிநீரும் தரட்டும். தொழிலாளர் சங்கங்களும் முதலாளிகள் சங்கங்களும் இதிலாவது ஒரே பந்தியில் அமரட்டும். வியாபாரத்துக்கும் இதனால் நஷ்டமில்லை. நடந்து வருகிறவன் நின்று பார்ப்பான், நின்று பார்த்தவன் மறுவாரமும் வருவான்.

உலா எங்கே தொடங்கவேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10-ந் தேதி கையில் கொடியேந்தி இவ்வூர் வீதியில் நடந்தார். தடியடிக்கு ஆளாகி மறுநாள் உயிர் துறந்தார். விழும்போதும் அவர் விடாமல் பற்றியது ஒரு துண்டுத் துணி. எத்தனை கஜம் என்று அதை யாரும் அளக்கவில்லை. என்ன விலை என்று கேட்கவில்லை. துணிக்கு விலையைத் தவிர வேறொரு மதிப்பும் உண்டு என்பதைத் திருப்பூருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவரே. ரயில் நிலையத்தின் அருகில் உள்ள அவர் நினைவிடத்திலிருந்து முதல் அடி எடுத்து வைக்கப்படட்டும்.