மூளைக்குக் கவசம் குளிகையில் உண்டோ?

சென்ற மாதம் நம் சங்கத்தின் வாசகசாலையில் அமர்ந்திருந்தபோது அன்பர் ஒருவர் தம் கைப்பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நம்முன் வைத்தார். அவருடைய பதினைந்து வயது மகன் பள்ளியில் ரக்பி ஆடுபவன். ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து வீழ்த்துகிற ஆட்டம் அது. இரு வாரங்களுக்கு முன் எதிர்த்தரப்புப் பையனின் தோள் தலையில் மோதவே, மைதானத்தில் சுருண்டு விழுந்திருக்கிறான். எழுந்தபின், ஆட்டத்தில் வென்றவர் யார் என்று மும்முறை கேட்டானாம். கவலையால் உறக்கமிழந்த தந்தைக்கு, உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அந்தப் புட்டியை வாங்கித் தந்திருக்கிறார். உள்ளே இருந்தவை மீன் எண்ணெய்க் குளிகைகள். மூளையைக் காக்கும் என்று மேற்சீட்டு உரைத்தது. "இதைக் கொடுத்து வந்தால் பையனை மறுபடியும் ஆட விடலாமா, ஐயா?" என்பதே அன்பரின் வினா.

அன்று நாம் விடை கூறவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் உரைப்பது நண்பருக்குச் செய்யும் நன்மை அன்றன்றோ? பின்னர் படித்தறிந்தவற்றை இங்கே வைக்கின்றோம். குத்துச்சண்டை, கபடி, கால்பந்து என நம் பிள்ளைகள் ஆடாத ஆட்டமில்லை. ஆதலின் இது ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

அடிபடும்போது நிகழ்வது

மனித மூளை ஏறத்தாழ 1.4 கிலோ எடையுள்ளது, மிக மென்மையானது, மண்டையோட்டுக்குள் நீர் சூழ மிதந்துகொண்டிருப்பது. ஓடும் வண்டி திடுமென நிற்கும்போது உள்ளே நிற்பவர் முன்னே சாய்வதை நாம் அறிவோம். தலை விரைந்து சுழன்று சட்டென நிற்கையில் மூளைக்கு நேர்வதும் அத்தகையதே. அப்பொழுது மூளைக்குள் நெடுகச் செல்லும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு முறுகுகின்றன. இதனையே மூளை அதிர்ச்சி என்கின்றோம். தலைக்கவசம் மண்டையோடு பிளவாமல் காக்கும். உள்ளே மூளை அசைவதை அதனால் முற்றும் தடுத்தல் இயலாது.

பலமுறை அடிபட்ட குத்துச்சண்டைக்காரர்கள் நாளடைவில் குடிமயக்கமுற்றவர்போல் தள்ளாடுவதை, அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். ஆயினும் அது குத்துச்சண்டைக்கு மட்டுமே உரிய கேடு என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 2002-இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ்பெற்ற வீரரான மைக் வெப்ஸ்டர் ஐம்பதாம் வயதில் காலமானார். அவருடைய மூளையைப் பிட்ஸ்பர்க் நகரில் ஆராய்ந்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமலு. அடிகள் பல சேர்ந்து விளைக்கும் மூளைச் சிதைவை அவர் அதிலே கண்டு 2005-இல் வெளியிட்டார்.

இளைஞர்களைப் பற்றிய செய்தி 2023-இல் வந்தது. மோதல் ஆட்டங்களில் ஈடுபட்டு, முப்பது வயதுக்கு முன்பே இறந்த 152 பேரின் மூளைகளைப் பாஸ்டன் பல்கலைக் கழகத்தார் ஆராய்ந்தனர். அவர்களுள் 63 பேரிடம் இச்சிதைவு காணப்பட்டது. இவை, பிள்ளையின் நடத்தையில் மாறுதல் கண்டு ஐயுற்ற குடும்பத்தார் பலர் மனமுவந்து அளித்த மூளைகள். ஆகவே ஆடுகின்ற பிள்ளைகள் அனைவருள்ளும் இத்தனை பங்கினர்க்கு இந்நோய் உண்டென்று கணக்கிடுதல் பிழை. எனினும், இளமை ஒன்றே காப்பாகிவிடாது என்பதை இது தெளிவாக்கியது.

எண்ணெயின்மேல் எழுந்த நம்பிக்கை

மீன் எண்ணெய்க்கும் மூளைக்கும் தொடர்பு கற்பித்தது வெறும் கற்பனை அன்று. ஒமேகா-3 என்னும் கொழுப்பு வகையைச் சேர்ந்த டி.எச்.ஏ., நரம்பணுக்களின் சவ்வை ஆக்கும் முக்கியப் பொருள்களுள் ஒன்று. தலையில் அடிபட்ட எலிகளுக்கு இதனைக் கொடுத்து ஆராய்ந்தபோது, சேதமுற்ற நரம்பிழைகள் குறைவாகக் காணப்பட்டன என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் அறிவித்தனர்.

நம்பிக்கை இவ்வாறு தோன்றியது. ஆனால் எலி வேறு, மனிதர் வேறு. ஆய்வுக்கூடத்து எலிக்கு ஒரே அளவான அடியை ஒரே நேரத்தில் கொடுக்கலாம். மைதானத்துப் பையனுக்கு விழும் அடியை யாரே அளந்தார்? எனவே மனிதரிடத்துப் பரிசோதனை தேவையாயிற்று.

81 வீரர்கள்

அத்தகைய பரிசோதனை ஒன்றின் முடிவை டெக்ஸஸ் கிறிஸ்டியன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்டனர். கல்லூரிகளில் அமெரிக்கக் கால்பந்து ஆடும் 81 இளைஞர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் நான்கு பிரிவுகளாக்கினர். மூன்று பிரிவினர்க்கு நாள்தோறும் முறையே 2, 4, 6 கிராம் டி.எச்.ஏ. கொடுக்கப்பட்டது. நான்காம் பிரிவினர்க்கு வழங்கியது டி.எச்.ஏ. இல்லாத வெற்றுக் குளிகை. வெற்றுக் குளிகை எதற்கு என்று நேயர்கள் வினவலாம். மருந்து உண்கிறோம் என்ற எண்ணமே சிலருக்கு நலம் தருவதுண்டு. காலப்போக்கில் தானே குணமாவதும் உண்டு. இவற்றைக் கழித்து, பொருளின் மெய்யான பயனை அறிய இதுவே வழி.

189 நாட்கள் இவ்வாறு நடந்தது. இடையிடையே வீரர்களின் இரத்தத்தை எடுத்து, நியூரோஃபிலமெண்ட் என்னும் புரதத்தை அளந்தனர். நரம்பிழைக்கு உள்ளிருந்து உறுதி தரும் புரதம் இது. இழை சேதமுற்றால் இது கசிந்து, மிகச் சிறிதளவில் இரத்தத்தில் கலக்கிறது. ஆட்டப் பருவம் தொடர்ந்தபோது, அதிகம் ஆடிய முதல் வரிசை வீரர்களிடம் இப்புரதம் உயர்ந்தது. டி.எச்.ஏ. உண்டவர்களிடம் அவ்வுயர்வு குறைவாய் இருந்தது. அளவைக் கூட்டியதனால் பயன் கூடிற்றில்லை.

மகிழத்தக்க செய்திதான். ஆயினும் அது கூறாதவற்றையும் நோக்கல் வேண்டும். அவர்கள் அளந்தது இரத்தத்தில் உள்ள ஓர் அடையாளத்தையே. குளிகை உண்டவர்க்கு அதிர்ச்சி நேராது என்றோ, நேர்ந்தால் விரைவில் குணமாகும் என்றோ, முப்பது ஆண்டுகளுக்குப் பின் நினைவு மங்காது என்றோ அதனால் நிறுவப்படவில்லை. 81 பேரை நான்காகப் பிரித்தால் ஒரு பிரிவுக்கு இருபது பேரே தேறுவர். மேலும், அவர்கள் கல்லூரி இளைஞர்கள். பதினைந்து வயதுச் சிறுவர்கள் அல்லர்.

சிறுவரிடத்துப் பரிசோதனை இன்னும் கடினமானது. வளரும் மூளை நாளுக்கு நாள் மாறுவது. ஒருவன் உண்பதை மற்றவன் உண்பதில்லை. சிதைவு வெளிப்படப் பல்லாண்டுகள் செல்லலாம். பரிசோதனைக்கு உடன்படுவதற்கும் சிறுவன் சொல் மட்டும் போதாது. பெற்றோர் முழுதும் அறிந்து இசைதல் வேண்டும். இத்தடைகளால் விஞ்ஞானம் மெல்ல நடக்கின்றது. அதன் மெதுவை நாம் குறை கூறலாகாது. பிள்ளைகளின் நலம் கருதியே அது மெல்ல நடக்கின்றது.

சந்தை முந்திக்கொண்டது

விஞ்ஞானம் நடந்தபோது வாணிகம் ஓடிற்று. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, துணை உணவுகளை விற்குமுன் அவை பயன் தருமென்று அரசிடம் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று கூறி விற்றல் ஆகாது. சிலர் மூளை அதிர்ச்சிக்கு மருந்தெனவே விளம்பரம் செய்யலாயினர். அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகத்தார் 2013-ஆம் ஆண்டின் இறுதியில் மக்களை எச்சரித்தனர். மூளை அதிர்ச்சியைத் தடுப்பதற்கோ குணப்படுத்துவதற்கோ எந்தத் துணை உணவுக்கும் ஆதாரம் இல்லை என்றனர். அவர்கள் அஞ்சியது குளிகையைக் காட்டிலும் அது தரும் துணிவை. "மருந்து உண்டாயிற்றே" என்று முன்னதாகவே களமிறங்கும் பையனுக்கு, முதல் அடி ஆறுமுன் இரண்டாம் அடி விழுமாயின், அரிதாக உயிருக்கே ஆபத்தாகும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

மருந்து காணப்படாவிடினும் வழி காணப்பட்டுள்ளது. 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சாக்கரி லிஸ்டெட் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன் அடிபட்டபின் மீண்டும் ஆடப் புகுந்து கொடிய மூளைக்காயம் அடைந்தான். 2009-இல் அவன் பெயரால் அம்மாநிலத்தில் ஒரு சட்டம் பிறந்தது. மூளை அதிர்ச்சி என்று ஐயம் தோன்றினால் உடனே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். மருத்துவத் துறையினர் எழுத்து மூலம் இசையும்வரை திரும்ப விடலாகாது என்பதே அதன் சாரம். இன்று அந்நாட்டின் மாநிலங்கள் அனைத்திலும் இத்தகைய சட்டம் உண்டு.

இச்சட்டத்தின் கருத்தை நம் இல்லங்களிலும் கைக்கொள்ளலாம். தலைவலி, குமட்டல், மயக்கம், கண் கூசுதல், குழப்பம், கேட்டதையே திரும்பக் கேட்டல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்று ஆட்டம் இல்லை. வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி மிகுந்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் எழாத உறக்கம் கொண்டாலோ தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. மற்றபடி ஓரிரு நாட்கள் ஓய்வு, பின்னர் மெல்ல நடை, மெல்லப் படிப்பு, மைதானம் இறுதியில்.

உணவில் ஒமேகா-3 வேண்டுவோர் மத்தியும் அயிலையும் உண்ணலாம். மும்பைச் சந்தையில் 'பாங்டா' என விற்பது நம் அயிலையே. சைவ உணவினர்க்குக் கடற்பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ.யும் கிடைக்கின்றது, மீன்களும் அதனைப் பாசியிலிருந்தே பெறுகின்றன. நம் சிறுவயதில் அன்னையர் மூக்கைப் பிடித்து ஊற்றிய மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ, டி மிகுதி ஆதலால் அளவு மீறினால் தீங்கு. போட்டிகளில் ஆடும் பிள்ளைகள் மற்றொன்றையும் அறிக. மேற்சீட்டில் குறிக்காத தடைப்பொருள் குளிகையில் கலந்திருந்தாலும், ஊக்கமருந்துச் சோதனையில் பொறுப்பு ஆடுபவன் தலைமேலேயே விழும்.

அன்பருக்கு நம் விடை இதுவே: மருத்துவர் ஒப்பினால் குளிகையைக் கொடுங்கள், அதை நம்பி மகனை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். சென்ற வாரம் அவரைக் கண்டு கூறினோம். மருத்துவரிடம் காட்டியதாகவும், இந்தப் பருவம் முழுவதும் மகன் எல்லைக் கோட்டுக்கு வெளியே அமர்ந்து ஆட்டக் கணக்கு எழுதுவதாகவும் சொன்னார். பையனுக்கு மனத்தாங்கல் மிகுதியாம். இருக்கட்டும்; மனத்தாங்கல் ஆறிவிடும்.