ஊரும் உடலும் – 11: நன்கொடை தீர்ந்த மறுநாள்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையேறும் கால்களில் செருப்பு இருக்காது. சரவணப் பொய்கையில் முழுகி, ஈரத்துணியோடு காவடி சுமந்து, 365 படிகளையும் வெறுங்காலால் மிதித்து ஏறுகிறவர்களில் எல்லைக்கு அப்பாலிருந்து வரும் தெலுங்குக் குடும்பங்களும் ஏராளம். அந்தத் தரை சுத்தமாக இருப்பதையும் அடிவாரத்தில் கழிப்பறைகள் போதுமான அளவு இருப்பதையும் மருத்துவக் கணக்கிலேயே எழுத வேண்டும். ஊர் நலத்துக்காக அறக்கட்டளைகளும் நிறுவனங்களும் தரும் பணம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற கேள்வியை இந்த ஈரத் தரையிலிருந்தே தொடங்கலாம். மாத்திரை கொடுப்பதோடு நின்றுவிடும் கொடை, எவ்வளவு பெரியதானாலும், ஊரில் தங்குவதில்லை என்பது என் கட்சி. நோய் பிறக்கும் மண்ணையும் நீரையும் காற்றையும் திருத்தி, அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் அரசுப் பணியிடத்தையும் விட்டுச் செல்லும் கொடைதான் தங்கும்.

இதற்குச் சான்று இலங்கை மலையகத்தில் இருக்கிறது. 1916-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து கூலிக்குப் போன தமிழர்கள். மலம் கலந்த ஈர மண்ணில் முட்டை பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழு காத்திருக்கும். வெறுங்கால் மிதித்ததும் விரலிடுக்குத் தோலைத் துளைத்து ஏறும். சில நாள் அரிப்பு, அவ்வளவுதான் வெளியே தெரியும். பிறகு நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து, சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். நாளாக ஆகக் கொழுந்து பறிப்பவரின் முகம் வெளிறும், மேடேறினால் மூச்சு வாங்கும். செனோபோடியம் எண்ணெய் கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் கழிப்பறை கட்ட முதலாளிகள் பலருக்கு மனம் வரவில்லை. குணமான கால்கள் அதே மண்ணை மிதித்தன, புழு மறுபடி ஏறியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு, அதே அறக்கட்டளையின் துணையோடு, 1926-ல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. வரையறுத்த ஓர் எல்லைக்குள் வாழும் எல்லோருக்கும் ஒரு மருத்துவ அதிகாரி, அவரோடு பரிசோதகர்கள், மருத்துவச்சிகள். பிரசவம், பள்ளிப் பிள்ளைகள், கிணறு, கழிப்பறை எல்லாம் ஒரே பணிமனையின் பொறுப்பு. இன்று தீவு முழுவதும் பரவியிருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் அந்த ஒற்றைப் பிரிவின் வாரிசுகள். அமெரிக்கப் பணம் எப்போதோ நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்து முற்றத்தில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இன்றும் வந்துகொண்டிருக்கிறார்.

தேயிலை முதலாளிக்குத் தெம்பான கூலிகள் தேவைப்பட்டார்கள், அதனால் வந்த கருணைதானே அது என்று கேட்கலாம். அந்த நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் முயற்சிக்கும் இரண்டாவதற்கும் கொடுத்த கை ஒன்றுதான். கொடுத்த விதம்தான் மாறியது, பலனும் மாறியது. கொடையாளரின் உள்ளத்தைச் சோதிப்பதைவிடக் கொடையின் அமைப்பைச் சோதிப்பதுதான் ஊருக்கு உதவும்.

திருத்தணியைச் சுற்றிப் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு என்று நெசவை நம்பிய ஊர்கள். விசைத்தறிக் கூடத்தின் குழல்விளக்கை அண்ணாந்து பார்த்தால் அதன் மேல் பஞ்சுத்தூசி நரைபோல் படிந்திருக்கும். அதே தூசி நெசவாளியின் நெஞ்சிலும் படிகிறது. தறியும் வீடும் ஒரே கூரைக்கடியில் என்றால் தொட்டில் பிள்ளையும் அந்தக் காற்றைத்தான் இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பந்தல் போட்டு இலவச முகாம் நடத்தி, இருமலுக்கு மருந்து கொடுத்து அனுப்பினால் திங்கட்கிழமை அவர் அதே தறிமுன் நிற்பார். முகாமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று மூச்சுத் திணறுகிறவரை நாளைக்கு வா என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தப் பணத்தில் ஒரு பங்காவது தூசியை வெளியே இழுக்கும் விசிறிக்கும், துணை சுகாதார நிலையத்தில் மூச்சை அளக்கும் கருவிக்கும் போக வேண்டும் என்பதே என் வாதம். நம் நிறுவனச் சட்டம் இங்கே இரண்டு விதத்தில் இடறுகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. அதனால் ஸ்ரீபெரும்புதூர், கும்மிடிப்பூண்டி ஆலைகளின் பணம் ஆலை வாசலைச் சுற்றியே நிற்கும், இந்த நெசவு ஊர்களுக்கு எட்டாது. இரண்டாவது, தொடர்திட்டம் என்றாலும் தொடங்கிய நிதியாண்டு போக மூன்றாண்டுதான் கெடு. நுரையீரல் கெடுவதற்கே அதைவிட அதிக காலம் பிடிக்கும்.

இதெல்லாம் அரசின் கடமை, தனியார் பணம் நுழைந்தால் அரசு நழுவிவிடும் என்பது வலுவான ஆட்சேபம். கடமை என்பது உண்மைதான். 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் தனி அத்தியாயமே உண்டு. ஆனால் தோற்றாலும் பரவாயில்லை என்று புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் சுதந்திரம், தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசுப் பணத்துக்குக் குறைவு. கொடையின் இடம் அங்கேதான். தேறியதை ஏற்று நடத்த அரசால் முடியும்: ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் அரசுத் திட்டமாகவே நடக்கிறது. ஆகவே அரசு நழுவாதபடி கொடைப் பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பொய்கை நீரை ஆடிக்கு முன் சோதிக்கும் ஆளுக்கும், தறிக்கூடத் தூசியை அளக்கும் ஆளுக்கும் முதல் ஆண்டுச் சம்பளம் முழுவதும் அறக்கட்டளையுடையது, அடுத்த இரண்டு ஆண்டும் பாதி நகராட்சி அல்லது ஊராட்சி ஒன்றியத்துடையது, நான்காம் ஆண்டு முழுவதும் அரசுடையது. இந்த வரியில் கையெழுத்துப் போட அதிகாரி தயங்கினால், கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன்பே அது தெரிந்துவிடுவது நல்லது.

(தொடரும்)