கடல் கடப்போர் கையிலுள்ள தாள்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டுச் செல்வோர் எக்காலத்தும் உண்டு. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாமும் அவ்வாறு வந்தவர்களே. ஆயின், நாட்டின் எப்பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் விதி நமக்கு அளித்துள்ளது. கடல் கடந்தவரின் நிலை வேறு. அவர் கையிலுள்ள தாளே அவர் வாழ்வை முடிவு செய்கிறது. அத்தாள் காலந்தோறும் மாறிவந்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

முதலில் வந்தது ஒப்பந்தத் தாள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அவ்வாண்டே மொரீஷியசுக்கு இந்தியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். 1860-இல் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நேட்டாலுக்கு முதற்கூட்டத்தாரை இட்டுச் சென்றது. ஆண்டுக்கணக்கில் உழைப்பதாகக் கைநாட்டு வைத்தவருள் எழுத்தறியாதோர் பலர். 1917-இல் இம்முறையில் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது.

அடுத்து வந்தது குடியுரிமைத் தாள். பேரரசு கலைந்து புதிய நாடுகள் தோன்றியபோது, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோர் எந்நாட்டவர் என்னும் வினா எழுந்தது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென 1964-இல் சாஸ்திரி – சிறிமாவோ உடன்படிக்கை வகுத்தது.

மூன்றாவதாக வந்தது விசா. 1973-இல் எண்ணெய் விலை உயர்ந்தபின், வளைகுடா நாடுகள் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் ஆட்களை அழைத்தன. தோட்டத்திற்குச் சென்றவர் அங்கேயே வேரூன்றினார். வளைகுடாவுக்குச் செல்பவரோ திரும்புவதற்காகவே செல்கிறார். அங்குத் தங்கும் உரிமை பெரும்பாலும் வேலையைச் சார்ந்தது. நெடுநாள் உழைத்தாலும் குடியுரிமை கிட்டுவது அரிது. 1990-இல் ஈராக் குவைத்தினுள் புகுந்தபோது, ஏறத்தாழ 1,70,000 இந்தியர் வானூர்தி வழியே தாயகம் மீட்கப்பட்டனர். பலரது சேமிப்பு அங்கேயே நின்றுவிட்டது.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் அரசிடம் பதிவு பெற்றிருத்தல் வேண்டும் என 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் விதித்தது. எனினும், படித்துப் பாராமல் இட்ட கையெழுத்தைச் சட்டம் எளிதில் அழித்துவிட இயலாது. அயலூரில் வாழ்ந்து பிறமொழி பயின்றவர்கள் நாம். ஊரிலிருந்து உறவினர் ஒருவர் கடல் கடக்க முனையுங்கால், அவர் கையிலுள்ள தாளை வாங்கி, ஊதியம், வேலை, கால அளவு, திரும்பும் செலவு ஆகியவற்றை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டுவோமாக. கைநாட்டு வைத்த அந்நாளையோருக்கு அவ்வுதவியைச் செய்வார் இலர்.